வாய் திறக்காமல் அச்சரப்பாக்கம் வரை

வழி கேட்பதற்கென்றே வண்டியை நிறுத்துகிற ஆள் நான். வழி தெரிந்திருந்தாலும் நிறுத்துவேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கேட்டால், "தெக்காம போயி, மேக்க திரும்புனா, வடக்க பாத்த வீடு" என்று சூரியனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்வார்கள். நான் பிழைக்க வந்த இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் சூரியனுக்கு அந்த வேலை கிடையாது. "சோத்தாங்கை பக்கம் திரும்பு, அப்பால பீச்சாங்கை பக்கம் ஒடி, தோ, கிட்டக்கதான் கீது" என்பார்கள். அந்தக் 'கிட்டக்க' தெருமுனையாகவும் இருக்கலாம், அடுத்த தாலுகாவாகவும் இருக்கலாம். இந்தப் பேச்சைக் கேட்கிற சுகத்துக்காகவே நிறைய பெட்ரோல் எரித்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை, யாரிடமும் வழி கேட்காமல் மூன்று நாள் வண்டி ஓட்ட வைத்தான் சாமுவேல்.

சாமுவேல் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். நான் பக்கத்தில் புதுப்பட்டினத்தில் டிவி, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். படித்துக் கற்ற தொழில் இல்லை, பிரித்துப் பார்த்துக் கற்றது. அவன் ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து போட்டதில் ஆரம்பித்த பழக்கம், ரேடியோ செத்த பிறகும் நீடித்தது. நான் தெற்கத்தி ஆள் என்பதால் அவனுக்கு 'அண்ணாச்சி'. கைப்பேசியில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறு வித்தை இல்லாத காலம் அது.

ஒரு வியாழக்கிழமை காலையில் துணிப்பையோடு வந்தான். பைக்குள் மூன்று ஜிபிஎஸ் கருவிகள்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ண செலக்ட் பண்ணிக் குடு. வெல கம்மியா இருக்கணும், ஏமாத்தவும் கூடாது."

"எதுக்குப்பா?"

"வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூடு பிரதிஷ்டை." புதுவீட்டில் ஜெபம் வைத்துக் குடிபோவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "எங்க செக்‌ஷன் சாரு குடும்பத்தோட கார்ல வர்றாரு. பின்னாடியே ஆபீஸ் ஆளுங்க ரெண்டு வண்டில. அவரு கையில இத குடுத்துடுவேன். யாரையும் ஒரு வார்த்த கேக்காம எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். அப்பால நான் வாங்கப்போற கார்ல மாட்டிப்பேன்."

"நான் வேணா ரோட்டு முக்குல நின்னு கூட்டிட்டு வாரேனே."

"வாணாம். ஆள் வெச்சு இட்டுகினு போனா ஒளிச்சு இட்டுகினு போற மாதிரி கீது. அவங்களா வரணும்."

எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க மூன்று புதுச் சாமான் கிடைத்தால் விளக்கம் எதற்கு? கடையைப் பூட்டிவிட்டு மாருதி வேனை எடுத்தேன். முன்கண்ணாடியில் மூன்றையும் வரிசையாக ஒட்டிவைத்தான். "ஒரு ரூல் அண்ணாச்சி. மூணு நாளும் வழின்னு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. வாயத் தொறந்தா அந்தக் கருவி அவுட்டு."

கருவியா அவுட்டு, நான்தான் அவுட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மாமல்லபுரம். மூன்றில் ஒன்று சென்னை நடைபாதையில் வாங்கிய பெயரில்லாத சாமான். கொக்கிலமேடு திரும்புவதற்குள் அது தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு தரம் 'கீச்' என்றது, அத்தோடு சரி. பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் காலி. மீதி இரண்டில் ஒன்று சென்னைக் கடையில் கெஞ்சி, பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று முன்பணம் கட்டி எடுத்துவந்தது. வண்ணத்திரை, நம் நாட்டுச் சாலை வரைபடம், ஆங்கிலத்தில் அதட்டுகிற பெண்குரல். டீச்சரம்மா என்று பெயர் வைத்தோம். இன்னொன்று, சாமுவேலின் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழசு. சின்னக் கறுப்புவெள்ளைத் திரை. பேசாது. இந்தியா என்று ஒரு நாடு இருப்பதே அதற்குத் தெரியாது. வெற்றுத் திரையில் ஓர் அம்புக்குறி ஊர்ந்துபோகும், பின்னால் எறும்பு வரிசை மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு கோடு விழும். மௌனசாமி.

"இத ஏன்பா கொண்டாந்த?"

"சும்மா கெடந்துச்சு. சீப்பா குடுத்துடறேன்னான்."

டீச்சரம்மா நன்றாகத்தான் ஓட்டினார். "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பு" என்றார், திரும்பினோம். "நேராகப் போ" என்றார், போனோம். நேராக என்றால் மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தைத் தாண்டி, மணலில் சக்கரம் புதைந்து, நாலடியில் கடல். டீச்சரம்மா இன்னும் "நேராகப் போ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னா அண்ணாத்த, கடலுக்குள்ள ரோடு போட்டுட்டாங்களா? நமக்குத் தெரியாம பூட்ச்சே" என்றார். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளும்போதே பேச்சு.

"இது மீனு எங்க கீதுன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப இன்னாத்துக்கு இந்தத் தெண்டம்?"

அவர்களில் மூத்தவர் டீச்சரம்மாவைப் பார்க்கவேயில்லை. மௌனசாமியை எட்டிப் பார்த்து, "இது நம்ம போட்ல கீறது மாதிரி கீதே" என்றார். "வல போட்ட எடத்துல அமுத்தி வெச்சிப்போம். திரும்பப் போனா அதே எடத்துல இட்டாந்து வுட்டுடும். கடல்ல ஏது ரோடு? நாம போனதுதான் கோடு."

நான் 'ஆகா' என்று தலையாட்டினேன். அந்த வார்த்தை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கொட்டகையில் வஞ்சிர மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பினோம். மீன் புதுசு. எண்ணெயின் வயதை அந்த அம்மாளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் நாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. டீச்சரம்மா திருந்திவிட்டார். மலையைச் சுற்றி, தேர் நிற்கும் தெருவைத் தாண்டி, ஒரு தப்பும் இல்லாமல் கொண்டுபோனார். செங்கல்பட்டில் மட்டும் காய்கறிக் கடைத்தெருவுக்குள் விட்டுவிட்டு, "முடிந்தால் திரும்பு" என்றார். முருங்கைக்காய்க் கட்டுக்கும் கத்தரிக்காய்க் கூடைக்கும் நடுவில் எங்கே திரும்புவது? கடைக்காரம்மா ஒருத்தி ஜன்னலில் தட்டினாள். "இன்னாயா, கண்ணாடில ஒரு பொம்பள கத்திகினு கீறா. அவ பேச்சக் கேட்டுகினு கூடைய ஏத்திடப் போற." அவளே கூடைகளை நகர்த்தி, "வா, வா, ஒடி, ஒடி" என்று பின்னால் விட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள் என்று சாமுவேலிடம் வாதாடினேன். "சரி, பொழச்சிப் போ" என்று விட்டுவிட்டான்.

ரயில் நிலையத்தருகே ஒரு மெஸ்ஸில் இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் மிஞ்சிய வடையை மாட்டுக்குப் போடுவோம். இங்கே அதையே மசாலாவில் போட்டு, மறுபடி கேட்டு வாங்கித் தின்ன வைக்கிறார்கள். பக்கத்து மேசையில் தெலுங்குக் குடும்பம் ஒன்று. கரிசல்காட்டில் வளர்ந்த எனக்குத் தெலுங்கு காதில் தானாக நுழைந்துவிடும். அந்த அம்மாள் சொன்னது இது: "மதுராந்தகம் கோயிலுக்கு எப்படிப் போவதென்று அந்தப் போலீஸ்காரரைக் கேளுங்கள் என்றேன். கேட்டால் உங்கள் மீசை விழுந்துவிடுமா?" கணவர் இட்லியோடு, "எனக்குத் தெரியும்" என்றார். "தெரிந்துதான் இரண்டு முறை ரயில் கேட்டைத் தாண்டினோம்."

எனக்கு நாக்கு துடித்தது. வழி சொல்ல எழுந்தேவிட்டேன். சாமுவேல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"கேக்கக் கூடாதுன்னுதான ரூலு? சொல்றதுக்கு என்ன?"

"நீ சொல்ல ஆரம்பிச்சா அவங்க ஊரு, தாத்தா பேரு வரைக்கும் போவ. கெளம்பு."

மொத்தத்தில் டீச்சரம்மாதான் தேர்வு என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது. ஒரு சோதனைதான் பாக்கி: சாமுவேலின் ஊர். அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப்பெயரை எழுதாமல் விடுகிறேன். அவன் கூட வந்தால் முகத்தைப் பார்த்தே நான் வழி கண்டுபிடித்துவிடுவேன் என்று, வெள்ளையடிப்பைப் பார்க்கிற சாக்கில் சனிக்கிழமை விடியலிலேயே பேருந்தில் போய்விட்டான். நான் தனியாக, விருந்தாளி வேஷத்தில் வரவேண்டும்.

மூன்றாம் நாள் ஜிஎஸ்டி சாலையில் காற்று நன்றாக இருந்தது. மதுராந்தகம் ஏரி நிறைந்து கிடந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாயை இதனுள் போட்டால் கரைந்துபோகும். அச்சரப்பாக்கம் தாண்டி டீச்சரம்மா திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பினேன். வயல், பம்புசெட், வயல். ஓர் அலங்கார வளைவு, அதற்குள் கோயில், குளம், மாடிவீடுகள். வளைவுக்குக் கீழே போனதும் டீச்சரம்மா தெளிவாக அறிவித்தார்: "நீங்கள் சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்."

புதுவீடு எதுவும் தென்படவில்லை. தார்ச்சாலை வளைவுக்கு வெளியே இடதுபக்கம் பிரிந்து இன்னும் போனது. திரையில் அப்படி ஒரு சாலையே இல்லை. வெறும் பச்சை.

வளைவுக்கு எதிரே டீக்கடை. மூன்று நாள் பூட்டிவைத்த வாய். இறங்கிவிட்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார். "வாங்க சார், உக்காருங்க சார், டீயா?" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

"புதுசா வீடு கட்டி நாளைக்குக் குடிபோறாங்களே, அங்க போகணும்."

"ஊர்லயா, காலனிலயா?"

"அது தெரியலையே. சாமுவேல்னு பேரு. கல்பாக்கத்துல வேல."

"ஓ, அவனா?" அந்த ஒரு எழுத்தில் பெஞ்சின் உயரமே குறைந்துவிட்டது. "அவன் அப்பன் எங்க கழனிலதான் நாத்து பறிச்சிகினு இருந்தான். இப்ப மாடி வூடு. காலனிக்கா போறீங்க?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க?"

"கோவில்பட்டி."

"அது ஊரு சார். ஆளு?"

"டிவி ரிப்பேர் பாக்கற ஆளு."

அவர் சிரிக்கவில்லை. வழி சொன்னார். கையை நீட்டவில்லை, தாடையை மட்டும் அந்த இடதுபக்கச் சாலை இருந்த திசையில் லேசாகத் தூக்கினார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி கிடையாது என்று சொன்னால் வாய் அழுகிவிடும். அங்கே "எந்தத் தெரு?" என்பார்கள். ஆயிரம் தடவை என்னைக் கேட்டிருக்கிறார்கள், பட்டென்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அது வழி சொல்வதற்காகக் கேட்கிற கேள்வி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

டீ பாதியில் இருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

சாலை நன்றாகவே இருந்தது. வயலுக்கு நடுவே போய், ஒரு மதகைத் தாண்டி, சின்னச் சர்ச் ஒன்றைத் தாண்டி, இளநீல வண்ணம் அடித்த மாடிவீட்டின் முன் நின்றது. மாடியில் பிரஷ்ஷோடு நின்றிருந்த சாமுவேல் எட்டிப் பார்த்தான். "வா" என்றுகூடச் சொல்லவில்லை.

"யாரையாச்சும் கேட்டியா?"

"கேட்டேன்."

"எங்க?"

"வளைவுகிட்ட. டீக்கடை."

இறங்கி வந்தான். கையில் ஒட்டிய பெயிண்ட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"ஊரா காலனியான்னானா?"

தலையாட்டினேன்.

"'அவனா'ன்னானா?"

அதற்கு நான் தலையாட்டவில்லை. ஆட்டத் தேவையில்லாமல் போய்விட்டது.

"அண்ணாச்சி, உங்க வூட்டுக்கு யாராச்சும் மொத தபா வந்தா மொதல்ல இன்னா கேப்ப?"

"வாங்கன்னு கேப்பேன். வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சான்னு கேப்பேன்."

"எல்லாரும் அதான் கேப்பாங்க. நாங்க கேக்கறதில்ல. இன்னா பதில் வருமோன்னு பயம். வர்றவங்க சொல்லவும் மாட்டாங்க. ஆனா உள்ள வரும்போதே மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும்." வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "சாரு இந்த வூட்ட மொதல்ல கண்ணால பாக்கட்டும். அவன் சொல்லி பாக்க வாணாம்."

அவன் அம்மா உள்ளேயிருந்து, "பேசிகினே நிக்க வெச்சிகினு கீறியே, அவருக்கு சோறு போடு" என்று குரல் கொடுத்தார். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் எனக்குக் கடற்கரை ஞாபகம் வந்தது. கை கழுவாமலே எழுந்தேன்.

"சாமு, டீச்சரம்மா வளைவோட நின்னுட்டா. அவளுக்கு இதுக்கு மேல ஊரே கெடையாது. ஆனா மௌனசாமிக்கு எந்த ஊரும் தெரியாது பாத்தியா? அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? நாம போனதுதான் கோடு."

அவன் என் வேன் சாவியை எடுத்தான்.

ஜிஎஸ்டி சாலை முக்குக்குப் போய், மௌனசாமியில் பழைய கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு, அங்கிருந்து புதிதாகப் புறப்பட்டோம். சாமுவேல்தான் ஓட்டினான். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டினான். வெற்றுத் திரையில் புள்ளி மேல் புள்ளியாக விழுந்தது. டீக்கடையைத் தாண்டும்போதும் விழுந்தது. இடதுபக்கம் திரும்பி மதகுக்குப் போனால், நாங்கள் முக்குக்குப் போய்த் திரும்புவதற்குள் அறுவடை நெல்லைச் சாலை முழுக்கக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். குச்சியோடு நின்ற பெண், "நெல்லு மேல ஏத்துன, சங்க அறுத்துடுவேன் சாமு" என்றாள். "ஏத்தல அத்த" என்று சொல்லி ஏரிக்கரை மண்பாதையில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

பொத்தானை அழுத்தியதும் கருவி ஒரு பெயர் கேட்டது. ஊர்ப்பெயரைப் போடுவான் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்து, ஆங்கில எழுத்தில் 'வூடு' என்று தட்டினான்.

ஞாயிறு காலை கேளம்பாக்கத்தில் அவனுடைய சார் குடியிருந்த அடுக்ககத்துக்குப் போய் மௌனசாமியைக் காரில் பொருத்தினேன். ஈரோட்டுக்காரர், கருவிப் பைத்தியம். நானும் கூட வருகிறேன் என்று தெரிந்ததும், "நீங்க வாயே திறக்கப்படாதுங்க. நானே கண்டுபிடிக்கோணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளாளுக்கு என் வாயைத்தான் பூட்டுகிறார்கள்.

ஜிஎஸ்டி முக்கு வரை அவரே வந்துவிட்டார். அங்கிருந்து கோடு. "வூடு... சரி, வூட்டுக்குப் போலாம்" என்று திருப்பினார். பின்னால் இரண்டு கார்கள். வளைவு தெரிந்தது. டீக்கடை தெரிந்தது. மூன்று கார்கள் வரிசையாக வருவதைப் பார்த்ததும் கடைக்காரர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு சாலையோரம் வந்துவிட்டார். அவர் வாயில் கேள்வி தயாராக இருந்தது எனக்குத் தெரிந்தது. சார் வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் என் ஜன்னலின் மேல் கடைக்காரர் குனிந்தார். "யார் வூட்டுக்கு சார்?" என்பது கண்ணாடிக்கு வெளியே உதட்டசைவாகத் தெரிந்தது. கண்ணாடியை இறக்கும் பிடி என் கைக்குக் கீழேதான் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் இறக்கவில்லை.

சார் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எறும்பு இந்தப் பக்கம் போகுதுங்க" என்று இடதுபக்கம் ஒடித்தார். பின்னால் இரண்டு கார்களும் ஒடித்தன. திரும்பிப் பார்த்தேன். வழி சொல்லத் தூக்கிய தாடை அப்படியே நின்றிருந்தது.

மதகு வந்தது. சாலையில் ஒரு மணி நெல் இல்லை. நெல்லையெல்லாம் அள்ளிவிட்டார்கள். நேரே போனால் வீடு, இளநீலச் சுவர் இங்கிருந்தே தெரிகிறது. எறும்போ ஏரிக்கரைக்கு ஏறச் சொல்கிறது. சொல்லலாமா? வாய் திறக்கக் கூடாதே! சார் எறும்பை நம்பினார். மூன்று கார்களும் மண்பாதையில் குதித்துக் குதித்து, கொக்குகளைக் கிளப்பிவிட்டு, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றின. பின்சீட்டில் அவர் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது வூட்டுக்குப் போற வழியா, மீன் புடிக்கப் போற வழியா?" என்றார்.

சர்ச் தாண்டி வீட்டு முன் நின்றோம். சாமுவேல் வெள்ளைச் சட்டையில் வாசலில் இருந்தான். அவன் சாரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். நான் இல்லையென்று தலையசைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

அவன் ஒரு மூச்சு விட்டான். பிறகு படியிறங்கி வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"வாங்க சார், வாங்க மேடம். வழி கண்டுபுடிக்கக் கஸ்டமா இருந்துச்சா?"

"கஷ்டமெல்லாம் இல்லீங்க சாமுவேல்" என்று சார் இறங்கிப் பேன்ட்டிலிருந்த புழுதியைத் தட்டினார். "ஆனா எதுக்குங்க எங்கள ஏரியச் சுத்த வுட்டீங்க? நேரா ரோடு கெடக்குது!"

சாமுவேல் சிரிக்க ஆரம்பித்தான். ஏன் இப்படிச் சிரிக்கிறான் என்று அவன் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. "நெல்லு சார்... நேத்து நெல்லு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.